எட்டு மாதப் பிள்ளைக்குக் கற்பூரவள்ளிச் சாறு கொடுக்கலாமா?

பாப்பாமோட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, கேள்வி இதுதான்: "பிள்ளைக்கு எட்டு மாதம். நாலு நாளாத் தடிமனும் இருமலும். மாமி கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிஞ்சு, தேனிலை குழைச்சு நாக்கிலை தடவச் சொல்லுறா. தன்ரை ஆறு பிள்ளையளையும் அப்பிடித்தான் வளர்த்தவவாம். கிளினிக்கிலை குடும்பநல மாது அதொண்டும் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

தங்கச்சி, இந்த வயதில் குடும்பநல மாதின் சொல்லையே கேளுங்கள். அதற்காக மாமியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர் சொன்ன இலை நல்ல இலைதான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை, மாமியின் மருந்திலோ தேன் இருக்கிறது. முதலில் அதைப் பேசி முடிப்போம்.

ஒரு வயது நிறையும்வரை தேன் தொட்டும் வைக்கக்கூடாது. தேனில் குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கக்கூடும். வளர்ந்தவர் குடலில் அவை ஒன்றும் செய்யாமல் கழிந்துபோகும். கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். முதலில் மலச்சிக்கல் வரும்; பிறகு அழுகை மெலியும், பால் உறிஞ்சும் பலம் குறையும், தலை தொய்யும். முற்றினால் மூச்சுவிடும் தசைகளே ஓய்ந்துவிடும். இது அடிக்கடி வரும் வருத்தம் அல்ல. வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். தேன் சுத்தமானதா, சீனிப்பாகு கலந்ததா என்பது இங்கே பேச்சே இல்லை. மடுக் காட்டில் உங்கள் கண்முன்னே எடுத்த தேனிலும் வித்தி இருக்கலாம். வீட்டு அடுப்பில் சூடாக்கினால் அது சாகவும் மாட்டாது. மாமியின் ஆறு பிள்ளைகளும் சுகமாக வளர்ந்தது உண்மைதான். தப்பாமற்போன பிள்ளைகளின் கதையை எந்த வீட்டிலும் கைமருந்தோடு சேர்த்துச் சொல்வதில்லை.

தேனில்லாமல் சாறு மட்டும் கொடுத்தால் என்ன என்று மாமி கேட்பார். பச்சைச் சாறு காரமானது. எட்டு மாதப் பிள்ளையின் தொண்டையில் அது புரையேறலாம், சத்தியெடுக்க வைக்கலாம். இந்த வயதுக்கு இத்தனை துளி பாதுகாப்பானது என்று யாராலும் நம்பிச் சொல்லக்கூடிய அளவும் கிடையாது. மூக்கில் சாறு விடுவதும், நெஞ்சில் பூசுகிற எண்ணெயை மூக்குத்துவாரத்தில் தடவுவதும் இதைவிட மோசம். எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் அது வேறொரு நோயாகிவிடும்.

இந்தப் பிள்ளைக்கு முதல் மருந்து தாய்ப்பால். வழக்கத்தைவிட அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் இளஞ்சூடான கஞ்சித் தண்ணீர், பருப்பு அவித்த தண்ணீர், கொதித்தாறிய தண்ணீர் எல்லாம் கொடுக்கலாம். மூக்கு அடைத்துப் பால் குடிக்கத் திணறினால் மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்த் துளி போதும். உலக சுகாதார நிறுவனம் 2001இல் சிறுபிள்ளைகளின் இருமல், தடிமன் மருந்துகள் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. சாதாரணத் தடிமனுக்குக் கடை மருந்துகள் பெரும்பாலும் தேவையில்லை, தொண்டைக்கு இதமான வீட்டுப் பானமே போதும் என்பதுதான் அதன் போக்கு. வீட்டு வைத்தியத்துக்கு வைத்தியர்கள் எதிரி என்று மாமி நினைத்தால் இதைச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதத்தில் அந்த இதமான பானமும் தாய்ப்பால்தான்.

இருமலின் சத்தத்தைக் கேட்டுப் பயப்படுவதைவிட மூச்சை எண்ணிப் பாருங்கள். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை உயர்த்திவிட்டு வயிறும் நெஞ்சும் எழுந்து இறங்குவதைக் கைத்தொலைபேசி மணிக்கூட்டை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும்வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60. இந்த எண்ணிக்கையைத் தொட்டால் நியூமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லாத அறிகுறிகளும் உண்டு. மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிவிழுவது, பால் உறிஞ்ச முடியாமற் போவது, குடித்ததை எல்லாம் சத்தியெடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், உதடு நீலம் பாரிப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பஸ்ஸுக்காக ஏ-32 வீதியில் காத்து நிற்காதீர்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் வரும். காசு கேட்க மாட்டார்கள். இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே, வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், வைத்தியசாலைதான்.

இனி இலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதை ஓமவல்லி என்றும் சொல்வார்கள். தடித்த, சுணை படர்ந்த, ஓரம் பல்லுப்பல்லான இலை. கசக்கினால் ஓமத்தின் காரமணம். தாவரவியலார் நீண்டகாலம் பிளெக்ரான்தஸ் அம்பொயினிகஸ் என்று எழுதிவந்தார்கள். 2019இல் நடந்த மறுவகைப்படுத்தலில் போர்த்துக்கேயப் பாதிரியார் லூரெய்ரோ 1790இல் கொடுத்த கோலியஸ் அம்பொயினிகஸ் என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். பெயரில் அம்பொன் தீவு இருந்தாலும் செடியின் பூர்வீகம் ஆபிரிக்கக் கரையும் அரபுத் தென்கரையும் சேர்ந்த பக்கம். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சாதியும் ஆபிரிக்காவுக்கு உரியதுதான். கடல் கடந்து வந்தவை மன்னார்க் கரைக்குப் புதிதல்ல.

இலையின் வேலை முழுவதும் அந்தச் சுணையில்தான் நடக்கிறது. சுணைகளுக்கு இடையிலுள்ள மிகச் சிறிய சுரப்பிகளில் எண்ணெய் தேங்கியிருக்கும். அதில் முக்கியமானவை கார்வக்ரோல், தைமோல் என்ற இரண்டும். ஓமத்தின் காரமும் தைமோலால் வருவதே. மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப இந்த எண்ணெயின் அளவு கூடிக் குறையும். அதனால்தான் ஒரு வீட்டு இலை நாக்கை எரிக்கும், இன்னொரு வீட்டு இலை சப்பென்றிருக்கும். கைமருந்தில் "மூன்று இலை" என்று சொல்வது ஒரு குத்துமதிப்புத்தான். இந்த எண்ணெய் ஆவியாகிப் பறந்துவிடும் தன்மையுடையது. இலையை அரை மணி நேரம் கொதிக்கவைத்துக் கசாயம் வைப்பவர்கள் வீடு முழுக்க வாசம் பரப்பிவிட்டு மிச்சத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். கொதித்த நீரை இறக்கி, கிள்ளிய இலையைப் போட்டு, பத்து நிமிடம் மூடிவைத்தால் போதும். அனலில் வாட்டுவது வேறு காரியம். அப்படிச் செய்தால் தடித்த இலை துவண்டு சாறு இலகுவாக இறங்கும். பச்சைக் காரமும் கொஞ்சம் அடங்கும்.

இருமலுக்கு இது கேட்குமா என்றால், தொண்டைக்கு இதம், சளி இளகும் உணர்வு என்பவை வரைக்கும் நான் ஒப்புக்கொள்வேன். ஆய்வுகூடக் கோப்பையில் கார்வக்ரோல் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. கோப்பையில் நடப்பது நெஞ்சுக்குள் நடக்கும் என்று சொல்ல மனிதரில் செய்த உறுதியான ஆய்வுகள் போதாது. ஒரு வேடிக்கை பாருங்கள்: ஒரு வயது தாண்டிய பிள்ளைகளின் இருமலைத் தேன் தணிக்கும் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. ஆக மாமியின் மருந்தில் கூடுதல் வேலை செய்தது இலையா தேனா என்று கேட்டால் நான் தேன் பக்கம்தான் சாய்வேன். அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளைக்கே அதைக் கொடுக்கலாம்.

அப்போது செய்யும் முறை: முற்றாத, பூச்சி அரிக்காத இலை இரண்டு. ஓடும் தண்ணீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவவேண்டும். சுணையில் புழுதி நன்றாகப் பிடித்திருக்கும். அனலில் வாட்டிப் பிழிந்தால் அரைத் தேக்கரண்டி அளவில் சாறு வரும். அதே அளவு தேனில் குழைத்துக் காலையும் இரவும், இரண்டு மூன்று நாளுக்கு. அதற்கு மேலும் இருமல் நீடித்தால் இலையைக் கூட்டுவது தீர்வல்ல. வளர்ந்தவர்கள் ஒரு கோப்பை வெந்நீரில் நாலைந்து இலை போட்டு மூடிவைத்து, பனங்கட்டி கடித்துக் குடிக்கலாம். நீரிழிவுக்காரர் பனங்கட்டியை "இயற்கையானது" என்று சொல்லித் தப்பமுடியாது, அதுவும் சீனிதான். இரண்டு கிழமைக்கு மேல் ஓயாத இருமல் யாருக்கு இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். காசநோயைக் கற்பூரவள்ளியால் மாற்ற முடியாது. மறைத்துவைத்தால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும்.

ஆவி பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளையைக் கொதிநீர்ச் சட்டிக்கு மேல் போர்வையால் மூடிப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் தீரும் சளியைவிடக் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்துப் பெரிது.

கர்ப்பிணிகள் கறியில் ஓரிரு இலை சேர்ப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. நாள்தோறும் சாறு பிழிந்து குடிப்பது வேண்டாம். குறிப்பாக, எங்கள் பக்கத்தில் கற்பூரவள்ளியோடு ஆடாதோடை இலையையும் சேர்த்து அவிக்கும் வழக்கம் உண்டு. ஆடாதோடை கெட்டிக்கார மூலிகை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே உருவாக்கினார்கள். அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர் அதைத் தொடவேகூடாது. தொய்வு உள்ளவர்கள் இழுக்கும் மருந்தை நிறுத்திவிட்டு இலைக்கு மாறுவதும் உயிரோடு விளையாடுவதாகும். தோலில் பூசினால் சிலருக்குச் சிவந்து கடிக்கும். முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் மாத்திரை எடுக்கும் சிறுநீரக நோயாளிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் சாற்று வைத்தியத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். இதற்கு மேலைநாட்டு வைத்தியரிடம்தான் போகவேண்டும் என்றில்லை. அரசாங்கச் சித்த மருந்தகத்தில் இருக்கும் பட்டதாரி வைத்தியரிடமும் கேட்கலாம். தொலைபேசியில் வரும் காணொளியிடம் கேட்காதீர்கள்.

உங்களுக்கும் பால் குறைவாக இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதைக் கேளுங்கள்: வடசுமாத்திராவின் பத்தாக் மக்கள் பிள்ளைபெற்ற தாய்க்கு இதே இலையைக் கீரையாகச் சமைத்து ஒரு மாதமளவு கொடுப்பார்கள். அவர்கள் மொழியில் தோர்பாங்குன். எங்களூரில் சரக்கரைத்த பத்தியக் கறியும் சுறா வறையும் நிற்கிற இடத்தில் அங்கே இந்த இலை நிற்கிறது. இந்தோனேசிய ஆய்வாளர் ரிசால் டமானிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் அதை உண்ட தாய்மாருக்குப் பால் கூடியதாகக் கண்டார்கள். சிறிய ஆய்வு அது. அதை வைத்துக் கொண்டாட வேண்டாம். பிள்ளையை அடிக்கடி மார்பில் விடுவதுதான் பாலைக் கூட்டும் முதல் வழி. ஆனாலும் உங்கள் சோற்றோடு இந்த இலையைச் சேர்த்துக்கொள்வதில் நட்டமில்லை. மாமிக்கும் ஒரு வேலை கிடைக்கும்: இலை பிள்ளைக்குப் போகாமல் தாய்க்குப் போகட்டும்.

சமையலில் இது கறிவேப்பிலை மாதிரித் தாராளமாகப் போடுகிற இலை அல்ல. ரசத்துக்கு இரண்டு இலை. மிளகு, நற்சீரகம், மல்லி, உள்ளி தட்டிப் பழப்புளிக் கரைசலில் நுரை கட்ட விட்டு, இறக்கும்போது கிள்ளிப்போட்டு மூடவேண்டும். சம்பலுக்குப் பத்து இலையை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் துவள வதக்கி, செத்தல் மூன்று, சின்ன வெங்காயம் ஐந்தாறு, பாதித் தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்து அம்மியில் அரைத்துக் கடைசியில் தேசிக்காய் விடுங்கள். வதக்காமல் அரைத்தால் மருந்து நெடி அடிக்கும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். தயிரில் பச்சடியாகவும் கலக்கலாம். கன்னட நாட்டில் அப்படித்தான் மோரில் கரைத்துச் சோற்றுக்கு விடுகிறார்கள்.

மன்னார்க்காரருக்கு நான் சொல்ல விரும்புவது மீன். கரீபியன் தீவுகளில் இந்த இலையை உள்ளி, வெங்காயத்தாள், மிளகாயோடு அரைத்து மீனிலும் இறைச்சியிலும் பூசி ஊறவைப்பது வழக்கம். திரினிடாட்டில் அந்தப் பச்சை அரைப்பு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. எங்கள் பாரைக்கும் சீலாவுக்கும் அது அச்சொட்டாகப் பொருந்தும். ஒரு கிலோ மீன் துண்டுக்கு ஆறு இலை, உள்ளி ஆறு பல்லு, பச்சை மிளகாய் இரண்டு, மிளகு அரைத் தேக்கரண்டி, மஞ்சள், உப்பு, ஒரு தேசிக்காய்ப் புளி. அரைத்துப் பூசி இருபது நிமிடம் வைத்துப் பொரியுங்கள். வெடுக்கு நன்றாகக் குறையும். செத்தல் தூளை இதில் போடாதீர்கள். இலையின் மணம் அடிபட்டுப்போகும்.

கடிதத்தில் கடைசியாக, "நட்டால் பிடிக்குது, கோடையிலை இலை ஓரம் கருகிப் போகுது" என்று இருக்கிறது. கருகுவது வெயிலால் மட்டும் அல்ல. கடலோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். அந்தத் தண்ணீரை ஒவ்வொரு நாளும் விட்டால் மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் மழைத்தண்ணீரோ குழாய்த்தண்ணீரோ எடுத்து, தொட்டியின் அடித்துளையால் வழிந்து ஓடும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவிவிடவேண்டும். இந்தச் செடி தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்துவைக்கும் சாதி. மேல்மண் விரலுக்குக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். அன்பு மிகுந்து ஒவ்வொரு நாளும் ஊற்றுகிறவர்களிடம்தான் இது அழுகிச் சாகிறது.

புதிதாக வைக்க விதை தேடவேண்டாம். ஒரு சாண் தண்டை முறித்து, கீழ் இலைகளைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்ததும் நடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் வேர் பிடிக்கும். பெருமாரி கொட்டும் கார்த்திகையில் நடாமல் மழை ஓய்ந்து நிலம் ஈரமாக இருக்கும் தை மாதத்தில் நடுவது நல்லது. மணல் இரண்டு பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூள் சேர்ப்பதானால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கும். சோளகம் வீசத் தொடங்கினால் தண்டு முறிந்துபோகும். வீட்டின் கிழக்குப் பக்கம், காலை வெயில் விழும் சுவரோரம் இடம் பாருங்கள். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வெடிக்கும். வெண்மூட்டுப் பூச்சி பிடித்தால் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை இதன் மேல் அடிக்காதீர்கள். அந்த மருந்து வந்த கானைக் கழுவித் தொட்டியாக்குவதும் வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அது மருந்துக் கான்தான். பால்மாப் பேணி, உடைந்த வாளி, மண்சட்டி எதுவும் சரி, அடியில் துளை இருந்தால்.

கற்பூரவள்ளி நின்றால் வீட்டுக்கு நுளம்பு வராது என்று சிலர் சொல்கிறார்கள். இலையிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய் நுளம்பை விரட்டலாம். தொட்டியில் சும்மா நிற்கும் செடி விரட்டாது. மாறாக, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்கு ஏற்ற இடம். வாடைக் காலம் தொடங்கியதும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் மணல் நிரப்பி வையுங்கள். கிழமைக்கு ஒரு தரம் தட்டின் உள்விளிம்பைத் தும்பால் தேய்த்துக் கழுவவேண்டும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.